கரும்புக் கட்டில் வந்த துப்பாக்கி

போன வாரம் காலை நடை முடிந்து நாம் வழக்கமாக உட்காரும் சிமென்ட் பெஞ்சில் நம்மில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை பெயரில் லைசென்ஸ் இருக்கும் துப்பாக்கியைத் தோட்டத்துக் காவலுக்கு ஒரு மாதம் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றார். "சொந்தத்துக்குள்ளதானே, வெளியாளா?" என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளைப் புரட்டியே தலை நரைத்தவள் நான், அதனால். "கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இவளுக்கு என்ன இவ்வளவு வெடுக்கென்று கோபம் என்று பேசிக்கொண்டீர்களாம். கோபம் இல்லை. அந்தக் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்வதென்றால் ஒரு கரும்புக் கட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நீங்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். காய்காரர் தராசைத் தூக்கினால் குனிந்து தட்டின் அடியைப் பார்ப்பவள்தான். பேத்தி "ஸ்பெஷல் கிளாஸ்" என்றால் பள்ளிக்கூடத்துக்கு போன் போடுகிறவள்தான். இந்த வியாதி பிறவியில் வந்ததில்லை. எந்த மாதம் பிடித்தது என்றுகூட என்னால் சொல்ல முடியும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த தை மாதம் அது.

நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். எங்களுக்கு ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர் நிலம். பெரிய பண்ணை இல்லை. ஆனால் பெரிய பண்ணைகளுக்கு இருந்த பயம் எல்லாம் அப்பாவுக்கும் இருந்தது. ஆட்சி மாறிய புதிது. டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிகள் உட்கார்ந்திருந்தன. வயல் வரப்பில் சிவப்புக் கொடிகள் நின்றன. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். பக்கத்து ஊர்களில் வைக்கோல் போர் எரிந்தது என்றும், குடிசை எரிந்தது என்றும் தினம் ஒரு செய்தி வரும். எது எரிந்தது என்பது சொல்பவரின் தெருவைப் பொறுத்து மாறும்.

எங்கள் வீட்டுப் பண்ணையாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுவது, மாடு பார்ப்பது, தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர்தான். நாற்பது வயது இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குச் சொந்தமான மனையில் அவருடைய குடிசை. அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான் இருந்தார்கள். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்குப் பத்து வயதுப் பெண்ணான நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், பேர் சொல்லி அதட்டியும் இருக்கிறேன். யாரும் என்னைக் கண்டித்ததில்லை.

அவர் என் அப்பாவை 'ஆண்டே' என்று, எஜமானே என்ற அர்த்தத்தில், கூப்பிடுவார். அந்த வருஷம் கார்த்திகையில் ஒருநாள் 'ஐயா' என்றார். அப்பா அதைக் கவனித்துவிட்டார். அடுத்த வாரம் இடுப்பில் கட்டும் துண்டு தோளில் கிடந்தது. அப்பா அதையும் கவனித்தார். "பாத்தியா, சங்கத்துல சேந்துட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அவர் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அப்பா ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார்.

அப்பா துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டிருந்தார். மனு எங்கோ ஒரு மேஜையில் தூங்கியது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த என் மாமாவிடம், அதாவது அம்மாவின் அண்ணனிடம், லைசென்ஸோடு ஒரு ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. மரநாய்க்கும் குரங்குக்கும் வாங்கியது. தீபாவளிக்குப் போயிருந்தபோது அப்பா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒரு அறுப்பு முடியிற வரைக்கும் குடுங்க மச்சான்" என்றார். மாமா சிரித்தார். முடியாது என்று சொல்லவில்லை. தங்கையைக் கட்டியவர் வாய்விட்டுக் கேட்டு முடியாது என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது.

பொங்கலுக்கு முதல் நாள் மாமா சீர் கொண்டுவந்தார். வருஷா வருஷம் வருவதுதான். புதுப் பானை, மஞ்சள் கொத்து, வெல்லம், அம்மாவுக்குச் சேலை, தேங்காய் மூட்டை, ஒரு கட்டுக் கரும்பு. பண்ணையாள் வண்டி கட்டிக்கொண்டு நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். வண்டியில் மாமா அந்தக் கரும்புக் கட்டின் மேல் ஒரு கையை வைத்தபடியே வந்தார். நான் ஒரு கரும்பை உருவப் போனேன். "வீட்டுக்குப் போயி, வீட்டுக்குப் போயி" என்று என் கையைத் தட்டிவிட்டார். மாமா என்னை ஒன்று வேண்டாமென்று தடுத்தது அதுதான் முதல் தடவை.

கொல்லை வாசலில் வண்டியை நிறுத்திப் பண்ணையாள் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார். வைத்தவர் ஒரு நொடி நின்றார். தோளை மாற்றிக்கொண்டார்.

"இந்த வருசம் கரும்பு நல்லா கனக்குதுங்க" என்றார்.

"சாறு ஏறுன கரும்புப்பா, கனக்காம?" என்று மாமா சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அங்கே வேலையே இல்லை. பண்ணையாள் சிரிக்கவில்லை. கட்டைக் கொல்லைப்படியில் இறக்கிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். வீட்டுக்குள் வரும் வழக்கம் அவருக்கு இல்லை, அதாவது நாங்கள் விடுவதில்லை.

உள்ளே தூக்கிப் போய்க் கயிற்றை அறுத்ததும் கரும்புகள் சரிந்தன. நடுவில் பழைய வேட்டியில் சுற்றி அது இருந்தது. லைசென்ஸ் மாமா பெயரில்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டே ரயிலில் வந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. விட்டுவிட்டுப் போவதுதான் குற்றம். கரும்புக்குள் வைத்துக் கட்டிய அன்றே அது குற்றம் என்று மாமாவுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"இதுவும் சீரோட சீர், மாப்ள" என்றார் மாமா.

அம்மா ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினாள். "அண்ணே, இத எடுத்துட்டுப் போயிடுங்க. வேண்டாம்ணே."

"சீரா வந்தத திருப்பி அனுப்புற வழக்கம் எந்த வீட்டுல இருக்கு?" என்றார் அப்பா. "திருப்பி அனுப்புனா உங்க அண்ணனுக்குத்தான் அவமானம்." சொல்லிக்கொண்டே அதை மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை அப்பா முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சீர் வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது. பானைக்கும் சேலைக்கும் சொன்ன வழக்கத்தை அப்பா துப்பாக்கிக்கும் பொருத்திக்கொண்டார். மாமா மறுநாள் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏறினார்.

துப்பாக்கி பத்தாயத்துக்குள் போனது. பத்தாயம் தெரியும் அல்லவா, நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. விதைநெல்லுக்குள் அதைப் புதைத்தார் அப்பா. உள்ளே இறங்கி நெல்லை ஒதுக்கியவள் நான்தான், ஏனென்றால் அந்த வாய்க்குள் நுழையும் உடம்பு வீட்டில் எனக்குத்தான் இருந்தது. அதோடு வந்த சிவப்புத் தோட்டாக்கள் நான்கும் காபித்தூள் டப்பாவுக்குள் போயின. மூடியில் மயில் படம் போட்ட பச்சை டப்பா. அந்த மாதம் முழுவதும் அப்பா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவை ஏறிட்டுப் பார்ப்பார். "என்னமோ வாசன அடிக்குது" என்பார்.

அறுப்பு தொடங்குவதற்கு முன் மன்னார்குடியிலிருந்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். அப்பாவின் நில விவகாரங்களை எல்லாம் பார்ப்பவர். வெற்றிலைக் காவி ஏறிய பல், கக்கத்தில் எப்போதும் ஒரு துணிப்பை. கூடத்து ஜன்னலோரம் அவரை உட்கார வைத்து அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு சிநேகிதருக்குக் கேக்குறேன். அவரோட மச்சான் தன்னோட துப்பாக்கிய இவர் வீட்டுல குடுத்து வெச்சிருக்கார். சட்டப்படி எப்படி?"

குமாஸ்தா காபியை ஆற்றினார். "சட்டப்படி ரெண்டு பேரும் உள்ள போகணும்."

"ஏங்க, பொண்ணையே குடுத்த வீடு. துப்பாக்கி குடுக்கக் கூடாதா?"

"பொண்ணு குடுக்க லைசென்ஸ் வேணாங்க" என்றார் குமாஸ்தா. "லைசென்ஸ்ங்கறது ஆளு பேருக்குத் தர்றது, வீட்டுக்குத் தர்றதில்ல. அண்ணன் தம்பி, அப்பன் மவன், மச்சான், சிநேகிதன், யாருக்கும் கைமாத்தா குடுக்க முடியாது. லைசென்ஸ்காரர் கூடவே இருக்கணும், அவர் கண்ணு முன்னால நீங்க தூக்கிட்டு வரலாம். இல்லேன்னா ரிப்பேருக்கு, புதுப்பிக்கறதுக்கு. அதுக்கும் அவர் கையெழுத்துப் போட்ட கடிதாசி வேணும்."

"ரிப்பேருன்னா?"

"குதிரை விழல, ஸ்பிரிங் போச்சு, தஞ்சாவூர்ல குடுத்துப் பாக்கணும், அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்னு ஏதாவது. அந்தக் கடிதாசி இருந்தா உங்க சிநேகிதர் தப்பிச்சாலும் தப்பிக்கலாம்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த சிநேகிதர் இந்த வீட்டுலதான் காபி குடிக்கிறாருன்னா, நாளைக்கே மச்சான வரச்சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நேரம் சரியில்ல."

அப்போதுதான் அப்பா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வைக்கோல் போரடியில் பண்ணையாள் நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரமாடா அங்க நிக்கிற?"

"போரு சரிஞ்சிருக்குங்கய்யா. முட்டுக் குடுக்குறேன்."

அப்பா ஜன்னலைச் சாத்தினார். "ஒட்டுக் கேக்குறான். கட்டத் தூக்குனவனுக்கு எடை தெரியாதா?" என்றார். இன்றைக்குச் சொல்கிறேன், அப்பாவின் சந்தேகம் அதுவரைக்கும் சரிதான். பண்ணையாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

குமாஸ்தா போனதும் அப்பா மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரிப்பேருக்குக் கொடுத்ததாக ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பச் சொல்லி. பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார். அதற்கும் வரவில்லை. துப்பாக்கியைக் கொடுத்த மாமாவுக்கு அரைப்பக்கக் காகிதம் கொடுக்க மனம் வரவில்லை. அப்பாவுக்கு அதில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீர் கொண்டுவருகிற கை எப்படித் தப்பு செய்யும்? அவருடைய சந்தேகமெல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மேல்தான்.

சில மத்தியானங்களில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அப்பா அதை வெளியே எடுப்பார். துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார். நாட்காட்டிப் படத்தைப் பார்த்துக் குறி பிடிப்பார். குதிரையை, அதாவது தோட்டாவைத் தட்டும் விசையை, இழுத்தால் பாதியில் சிக்கி நின்றுகொள்ளும், பலமாக இழுத்தால் போகும். வேலை செய்யாத துப்பாக்கியைத்தான் மாமா தள்ளிவிட்டாரோ என்று பின்னாளில் எனக்குத் தோன்றியதுண்டு. அது சுடுமா சுடாதா என்பது கடைசிவரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போனது.

அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்து இறங்கிய மறுநாள் காலை, உள்ளூர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்கள். பேசத்தான் வந்தார்கள். கையில் கொடியைத் தவிர ஒன்றும் இல்லை. எங்கள் பண்ணையாள் கடைசியில் தலை குனிந்து நின்றார். அப்பா அவரைத்தான் முதலில் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து என்னைப் பத்தாயத்துக்குள் இறக்கினார். காபி டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். தூளோடு தோட்டாக்கள் உருண்டன.

துப்பாக்கியோடு அவர் கொல்லை வாசலுக்குப் போனபோது அம்மா கதவுக்குக் குறுக்கே நின்றாள். கத்தவில்லை. "மொதல்ல என்னச் சுட்டுட்டுப் போங்க" என்றாள். வெளியே நின்றவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர்கள் கலைந்து போனார்கள். அப்பா கூடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிந்திய காபித்தூளை நான் முறத்தில் வாரினேன். துப்பாக்கி மறுபடி விதைநெல்லுக்குள் போனது.

அன்று சாயங்காலம் அப்பா கடைத்தெருவுக்குப் போனதும் அம்மா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். இடுப்பிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்தாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மாமாவுக்குக் கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன்.

"எழுது. அண்ணனுக்கு. நீங்க உடனே வந்து அத எடுத்துட்டுப் போங்க. இவரு கையில அது இருந்தா யாரையாச்சும் சுட்டுருவாரு, இல்லாட்டி இவர யாராச்சும் முடிச்சிருவாங்க. நான் சொன்னேன்னு இவருக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தாலி வேணும்ணே." கொஞ்சம் நிறுத்தி, "துப்பாக்கின்னு எழுதாத. அதுன்னு போடு" என்றாள்.

நான் துப்பாக்கி என்றே எழுதினேன். 'அது' என்றால் மாமாவுக்கு எப்படிப் புரியும் என்று எனக்கு அதிகப் பிரசங்கித்தனம். போதாததற்குக் கடைசியில் நானாகவே ஒரு வரி சேர்த்தேன். பத்தாயத்தில் விதைநெல்லுக்குள் இருக்கிறது, நீங்கள் வந்தால் நானே உள்ளே இறங்கி எடுத்துத் தருகிறேன் மாமா. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன்.

மாமா வருவார் என்று நானும் அம்மாவும் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தோம். ஒரு வாரம் கழித்துக் காலை பத்து மணிக்கு வந்தது போலீஸ் ஜீப்.

சப் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தார். கொல்லையைப் பார்க்கவில்லை, பரணைப் பார்க்கவில்லை, அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பத்தாயத்தின் முன்னால் போய் நின்று, "இதத் திறங்க" என்றார். பத்தாயம் என்று தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேரைத் தவிர அந்தக் கடிதம்.

அவர்கள் நெல்லை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது நான் கொல்லைக்கு ஓடினேன். அங்கே ஏட்டு ஒருவர் பண்ணையாளை வண்டியடியில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன்.

"நீதானே ஸ்டேஷன்லேர்ந்து வண்டி ஓட்டுனே? எப்படி வந்துச்சு? மறைச்சா, தெரியவா? உள்ளதச் சொல்லு. மறைச்சு வந்துதுன்னா உங்க மொதலாளி இன்னிக்கே உள்ள போயிடுவாரு. உங்க சங்கத்துக்கும் சந்தோஷம்தானே?"

பண்ணையாள் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மறைக்கவெல்லாம் இல்லீங்க. மச்சான்காரரு கையிலயேதான் வெச்சிருந்தாரு. குதிரை விழல, ஸ்பிரிங் போச்சு, தஞ்சாவூர்ல குடுத்துப் பாக்கணும், அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்னு சொன்னாரு. நான் காதால கேட்டேன்."

குமாஸ்தாவின் வார்த்தைகள். ஒன்றுகூட மாறாமல் அப்படியே. ஏட்டு அதை எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார். பண்ணையாள் கட்டை விரலை வேட்டியில் துடைத்தபோதுதான் என்னைப் பார்த்தார். எதுவும் நடக்காதது போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் மாலையில் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாமா வந்தார். இத்தனை நாள் வராத கையெழுத்து, ரிப்பேருக்குக் கொடுத்தேன் என்ற கடிதம், அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. குமாஸ்தாவின் சாமர்த்தியம் என்று அப்பா மெச்சினார். பண்ணையாளின் கைநாட்டு பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுக்களையில் அம்மா மாமாவைக் கேட்டதை நான் கேட்டேன்.

"நான் போட்ட லெட்டர் எங்கண்ணே?"

மாமா தரையைப் பார்த்தார். "அந்தப் பக்கம் கலவரம்னு எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷன்ல கொண்டாந்து வைக்கச் சொல்லி உத்தரவு. எங்கடான்னு கேட்டா நான் எங்க போவேன்? ரிப்பேருக்கு மாப்ள வீட்டுல இருக்குன்னேன். நம்பல. உன் லெட்டரக் காட்டுனேன். எனக்கு வேற வழி தெரியலம்மா."

"இவருகிட்ட சொல்லிடுங்க. பாவம், சந்தேகத்த வேற யார் மேலயோ வெச்சிருக்காரு."

"சொன்னா உன்னத்தான் கொல்லுவாரு. விடு" என்றார் மாமா. அப்பாவிடம் போய், "உங்க ஊரு ஆளுங்கதான் மாப்ள சொல்லியிருக்கணும்" என்றார். சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினார்.

அப்பாவுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. பண்ணையாளைக் கொல்லையில் நிறுத்தி வைத்து, மாசி பிறக்கும் முன் மனையைக் காலி செய்ய வேண்டும் என்றார். "ஐயா, நான் யாருகிட்டயும் சொல்லலீங்க" என்று மட்டும் அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். "பின்ன கரும்பா போயி சொல்லிச்சு?" என்றார் அப்பா. பண்ணையாள் நினைத்திருந்தால் ஏட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் அழுந்தி வலித்தது. துப்பாக்கி பத்தாயத்துக்குள் இருந்தது வீட்டுக்குள் வராதவருக்கு எப்படித் தெரியும் என்று அப்பா ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். எல்லாவற்றிலும் சந்தேகப்பட்ட மனிதர் அந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்படவே இல்லை.

சங்கத்துக்காரர்கள் அவரிடம் தாசில்தாருக்கு மனுப் போடச் சொன்னார்களாம். குடியிருப்பவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்தது. அவர் போடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவர்களே ஏசினார்கள். மனுப் போட்டால் விசாரணை வரும், ஏன் காலி செய்யச் சொன்னார் என்று கேட்பார்கள், துப்பாக்கி மறுபடி வெளியே வரும், பொய் வாக்குமூலத்துக்கு வைத்த அந்தக் கைநாட்டும் கூட வரும். இது எனக்குப் பின்னாளில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்தபோதுதான் உறைத்தது.

அவர் தன் குடிசையைத் தானே பிரித்தார். மூங்கிலையும் கீற்றையும் கட்டி, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முன்னால் போக, வாய்க்கால் மூங்கில் பாலத்தில் வந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"லெட்டர் எழுதுனது நான்தான். பத்தாயம்னு எழுதுனதும் நான்தான்" என்றேன். அழுதேன்.

அவர் கட்டை இறக்கவில்லை. "வீட்டுக்குள்ளேர்ந்துதான் சேதி போயிருக்கணும்னு தெரியும் பாப்பா. போலீசு நேரா பத்தாயத்துக்குப் போச்சுன்னாங்க. அது அங்கன இருந்துச்சுன்னு எனக்கே அப்பத்தானே தெரியும்."

"பின்ன ஏட்டுகிட்ட ஏன் பொய் சொன்னே?"

"உங்கப்பாவக் கூட்டிட்டுப் போயி உள்ள வெச்சா, பழி எங்க தெரு மேலதான் வரும். அன்னிக்கே நாலு குடிசை எரியும். அதான்." கரும்பு தூக்கிய அன்று போலவே தோளை மாற்றிக்கொண்டார். "எனக்கு உங்கப்பா மேல ஒண்ணும் பிரியம் இல்ல."

"நான் அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடுறேன்."

"சொல்லாத. அம்மாவுக்கு அடி விழும். வழி வுடு, வெயில் ஏறுது."

நான் வழி விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரே சொல்லாதே என்று சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. அப்பா சாகும்வரை அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்றே சொன்னார். மாமா சாகும்வரை பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்தார்.

காலி மனையில் அப்பா வேறொரு ஆளைக் குடிவைத்தார். இரண்டு மூன்று வருஷத்தில் புதிய சட்டம் வந்தது. யார் எந்த மனையில் குடியிருக்கிறார்களோ அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. பட்டா கொடுக்க எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டார்கள். மைக் கட்டினார்கள். அப்பா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நானும் அம்மாவும் வேலியோரம் நின்று பார்த்தோம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழ்க்கோடியிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். அந்த வரிசை எனக்கு மனப்பாடம், எந்தக் குடிசைக்கு அடுத்து எது என்று கண்ணை மூடிச் சொல்வேன். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் வந்து குடியேறிய ஆளின் பெயரை வாசித்தார்கள். அந்த ஆள் ஓடிப்போய்க் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்தத் தடவை அழுத்தவில்லை, சும்மாதான் பிடித்திருந்தாள். உதறியிருக்கலாம். மேடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. தாசில்தார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதின்மூன்று வயது, எழுதவும் பேசவும் நன்றாகத் தெரியும். நானும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினேன்.